இரும்பை இணைக்கப் பழகுவோம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியமும் சமயமும் பேசுவதே எமது மன்றத்தின் வழக்கம். ஆனால் இம்முறை பல்கலைக்கழக மாணவராகிய எம்மை நோக்கி, "இளைஞரின் கைக்கு உதவும் விடயமொன்றைப் பேசுங்கள்" என்று தலைவர் பணித்தார்கள். நாம் கூடி ஆராய்ந்து எடுத்துக்கொண்ட பொருள் வெல்டிங் வேலையாகும். வீட்டு வளவிலே அதனைத் தொடங்க விரும்பும் ஒருவர் எவ்வாறு தொடங்க வேண்டும், எந்தக் கருவியைத் தெரிய வேண்டும், தமது உடம்பையும் அயலாரையும் எவ்வாறு காக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லவே இங்கு நிற்கின்றோம். இதற்குக் காய்ச்சியிணைத்தல், உருக்கியொட்டுதல் என்றெல்லாம் தமிழிற் பெயருண்டு. எனினும் பட்டறையிலே எல்லோரும் வெல்டிங் என்றே சொல்கின்றனர். ஆகவே நாமும் அவ்வாறே சொல்வோம்.

இந்தப் பொருளை இப்போது பேச வேண்டியது ஏன்? எமது நிலத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் கடல், நடுவே வாவி, மறுபுறம் வயல். எழுவான்கரையில் உப்புக் காற்று படாத இரும்பே இல்லை. கேற்றும் கிறிலும் சில ஆண்டுகளிலே துருவேறி இற்றுவிடுகின்றன. படுவான்கரையிலோ உழவு இயந்திரத்தின் பெட்டியும் கொழுவியும் விதைப்புக் காலத்திலேதான் உடைகின்றன. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்பும், 2009 இல் போர் ஓய்ந்த பின்பும், இடிந்த வீடுகளெல்லாம் மீண்டும் எழுந்தன. எழுந்த வீடுகளுக்கெல்லாம் யன்னற் கம்பியும் படிக்கட்டுப் பிடியும் வேண்டியிருந்தன. இன்று சந்திக்கொரு வெல்டிங் கடை காண்கின்றோம்.

முன்னாளில் வெல்டிங் பிளாண்ட் என்பது இருவர் தூக்கினாலும் அசையாத பெரும் பெட்டி. இன்று இன்வேட்டர் என்னும் புதுவகை இயந்திரம் ஐந்தாறு கிலோ நிறையோடு தோளிலே தொங்குகின்றது; ஹாட்வெயார்க் கடையிலே அரிசிப்பையைப் போல் எடுத்துவரலாம். இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயின் ஒரு தீமையும் கூடவே வந்துவிட்டது. இயந்திரம் வீட்டுக்கு வருகின்றது. அதனைக் கையாளும் அறிவு அதனோடு பெட்டியில் வருவதில்லை. முன்பு பட்டறையில் தேர்ந்த தொழிலாளருக்குப் பின்னால் நின்று ஆண்டுக்கணக்கிற் கற்ற பாடத்தை, இன்று தனியே நின்று தன் கண்ணையும் கையையும் பணயம் வைத்துக் கற்கின்றான் இளைஞன். அந்தப் பணயத்தைத் தவிர்ப்பதற்கே இப்பேச்சு.

"படிக்கின்ற பிள்ளைகளுக்கு இரும்புவேலை எதற்கு?" எனப் பெரியோர் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் பணிவுடன் நினைவூட்ட விரும்புவது எம்மண்ணின் பெருந்துறவியையே. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் (1892-1947) மிஷன் பாடசாலைகளிற் கற்றவர், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் மாணவராயிருந்தவர். யாழ்நூலின் ஆசிரியராக அவரை உலகம் அறியும். ஆயின் அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று 1916 இல் விஞ்ஞான டிப்புளோமாப் பெற்றவர் என்பதையும், விஞ்ஞான ஆசிரியராகக் கடமையாற்றியவர் என்பதையும் நாம் மறந்துவிடுகின்றோம். தமிழும் தொழிலறிவும் ஒரே நெஞ்சில் வாழமுடியாதென எவர் சொல்வார்?

எம்போன்று மிஷன் பாடசாலையிற் படித்தோர் இன்னொருவரையும் மறத்தல் ஆகாது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் பிறந்து 1948 இல் இலங்கைக்கு வந்த யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், மாணவர்க்குக் கூடைப்பந்து பழக்கிப் புகழ்பெற்றவர். பிற்காலத்தில் மட்டக்களப்பிலே தொழில்நுட்பப் பாடசாலை ஒன்றின் பணிப்பாளராக இருந்து, சமய பேதமின்றி இளைஞரின் கைகளுக்குத் தொழில் கொடுத்தார். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற் போனார். தொழில் கற்பிப்பதை ஒரு தொண்டாகவே எண்ணிய அத்தகையோர் நடந்த மண்ணிலே, தொழிலைத் தாழ்வென்பது நன்றன்று.

இனி விடயத்துக்கு வருவோம். வெல்டிங் என்பது யாது? இரண்டு இரும்புத் துண்டுகளின் விளிம்புகளை உருக்கி, உருகிய இரும்பை இடையே நிரப்பி, ஆறியபின் ஒன்றாக்கிவிடுதல். பசையால் ஒட்டுதல் போன்றதன்று. ஈயப் பற்றுப் போன்றதுமன்று. எமது கொல்லர்கள் உலையிலே இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினார்களே, அதன் வழிவந்ததே இது. கல்லடியில் வாவிக்குக் குறுக்கே நிற்கும் பழைய இரும்புப் பாலத்தை எல்லோரும் அறிவோம். 2013 இல் அதன் பக்கத்திற் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் எழுந்த வெள்ளையர் காலத்திலே, பெரும் இரும்புகளைப் பிணைப்பதற்குத் தறையாணிகளைப் பழுக்கக் காய்ச்சி அடிப்பதே வழக்கம். மின்பொறியால் இரும்பை உருக்கும் முறையை 1880 களில் ருஷிய நாட்டவர் பெனார்டோஸ், சிலவியானோவ் என்போர் தொடக்கிவைத்தனர். குச்சியின்மேல் மருந்து பூசும் முறையைச் சுவீடன் நாட்டவரான ஒஸ்கார் செல்பேர்க் 1900 களின் தொடக்கத்திற் கண்டார். இன்று நாம் ஹாட்வெயாரில் வாங்கும் குச்சி அவர் கண்டதன் வழித்தோன்றலே.

அந்த மருந்தின் வேலையை அறிந்துகொண்டால் தொழிலிற் பாதி அறிந்தவர்களாவோம். உருகிய இரும்பு காற்றைத் தொட்டால் கெட்டுவிடும், துளைகள் விழும், பலமிழக்கும். குச்சி எரியும்போது மருந்தும் எரிந்து ஒரு புகைத்திரையை உண்டாக்கிக் காற்றைத் தடுக்கின்றது. எஞ்சியது கசடாகி, ஆறும் இரும்பின்மேல் போர்வைபோற் படிகின்றது. ஆகவே ஈரம் பட்டு மருந்து உதிர்ந்த குச்சியால் எந்த வல்லவனும் நல்ல வேலை செய்ய முடியாது. மாரிகாலத்தில் எமது வீடுகளில் உப்புக் கூடக் கசிந்து நீராகின்றதல்லவா? குச்சியையும் இறுக மூடும் தகரப்பேணியில் இட்டு உயரத்திலே வைக்க வேண்டும்.

அன்பர்களே, கருவியைப் பற்றிப் பேசுமுன் ஆபத்தைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். சுவர் இருந்தாற்றானே சித்திரம் எழுதலாம்? இவ்வேலையில் எம்மைத் தாக்க வருபவை நான்கு: ஒளி, மின், புகை, தீ.

முதலாவது ஒளி. வெல்டிங் பொறியிலே கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, தெரியாத புறஊதாக் கதிரும் வருகின்றது. அது கருவிழியின் மேற்றோலை வெயில் தோலைப் பொசுக்குவதுபோற் பொசுக்குகின்றது. அந்த நேரத்தில் நோவே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்திலே, கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரியத் தொடங்கும். ஊரிலே தாய்ப்பால் விடுவதும் உருளைக்கிழங்கை வெட்டி வைப்பதும் வழக்கம். இவை புண்ணிலே கிருமியைச் சேர்க்கக்கூடும். ஆகவே அவற்றை விட்டு வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் "ஆறிவிட்டதே" என்று ஒவ்வொரு கிழமையும் சுட்டுக்கொள்பவனுடைய கண் நாளடைவிற் கெடும்.

வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்கு ஒருபோதும் போதாது. கண்ணாடிக்கு இலக்கமுண்டு. 40 முதல் 80 அம்பியர் வரையான வேலைக்கு 10 ஆம் இலக்கம். அதற்குமேல் 175 அம்பியர் வரை 11 ஆம் இலக்கம். மேலும், கண்ணைமட்டும் மூடினாற் போதாது; முகமும் கழுத்தும் கையும் மூடப்பட வேண்டும்.

இங்கே நாம் சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுமுறையிலே வாவிக்கு இருகரையிலுமுள்ள பட்டறைகள் சிலவற்றுக்குச் சென்று பார்த்தோம். வேலை செய்பவரிடம் முகமூடி இருக்கின்றது. ஆனால் இரும்பைப் பிடித்துக்கொண்டு எதிரே குந்தியிருக்கும் உதவிப் பையனிடம் ஒன்றுமில்லை. "கண்ணை மூடடா" என்கிறார் அண்ணன். பையன் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நூறு முறை மூடுபவன் நூற்றோராவது முறை பிந்திவிடுவான். முகத்தைத் திருப்பினாலும் சுவரிலே பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணை அடையும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழிலிலே அமர்த்தலாகாதென இந்நாட்டுச் சட்டம் சொல்கின்றது. சட்டம் இருக்கட்டும், அவன் எமது தம்பி அல்லவா? முகமூடி ஒன்று வாங்குபவர் இரண்டு வாங்குக. இரண்டாவதை வாங்கப் பணமில்லையேல், பணம் சேரும்வரை உதவிக்கு ஆள் வைக்காமல் இடுக்கியைக் கொண்டு இரும்பைப் பிடித்து வேலை செய்க. இந்தப் பேச்சிலே ஒரேயொரு வார்த்தைதான் உங்கள் நினைவில் நிற்குமென்றால், அது இதுவாகவே நிற்கட்டும்.

இரண்டாவது மின். வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. பொறி எழாது குச்சி சும்மா நிற்கும்போது அதன் முனையில் 60 முதல் 80 வோல்ற்று வரை இருக்கும். "இது சிறிதுதானே" என்று எண்ணலாகாது. உலர்ந்த உடம்புக்குச் சிறிதானது, வியர்வையில் நனைந்த உடம்புக்குப் பெரிது. எமது ஊரிலே சித்திரை வெயிலில் வியர்வையும், கார்த்திகை மார்கழி மழையில் நனைந்த மணலும் உண்டு. வெறுங்காலுடன் ஈர மணலில் நின்றுகொண்டு, வெறுங்கையாற் குச்சியை மாற்றுபவன் தன் உடம்பையே வயராக்கிக்கொள்கிறான். உலர்ந்த தோற் கையுறையும் இறப்பர் அடிச் சப்பாத்தும் அணிந்து, உலர்ந்த பலகைமேல் நின்று வேலை செய்ய வேண்டும். மழைத்தூற்றல் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது.

இதிலே பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. வீட்டிலுள்ள டிரிப் சுவிச் எம்மைக் காக்குமென நம்புகின்றோம். அது இயந்திரத்துக்குள் செல்லும் 230 வோல்ற்றுப் பக்கத்தை மட்டுமே காவல் செய்யும். இயந்திரத்துக்கு அப்பால் குச்சிக்குச் செல்லும் மின்னோட்டம் வேறான சுற்று. அங்கே நீங்கள் மாட்டிக்கொண்டால் அந்தச் சுவிச் விழாது. அங்கே உங்களைக் காப்பவை உலர்ந்த கையுறையும் உலர்ந்த நிலமுமே. அதுபோலவே ஏர்த் கிளிப்பை வேலை நடக்குமிடத்துக்கு மிக அருகிலே, துருவையும் தீந்தையையும் சுரண்டிய இரும்பின்மேல் மாட்ட வேண்டும். தொலைவில் மாட்டினால் மின்னோட்டம் தனக்கு வாய்த்த வழியே திரும்பும்; உழவு இயந்திரத்தின் போல் பெயாரிங்கைக்கூடப் பொசுக்கிவிடும். வாகனத்தில் வேலை செய்யுமுன் பற்றரியின் வயரைக் கழற்றிவிடுக. இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வைத்தியரைக் கேளாது வேலைநடக்கும் இடத்துக்கு வருதல் கூடாது.

மூன்றாவது புகை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2017 இலே வெல்டிங் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதற் பிரிவிற் சேர்த்தது. எமது பகுதிக்கு இன்னொரு தனி ஆபத்துமுண்டு. உப்புக் காற்றுக்கு அஞ்சி நாம் நாகம் பூசிய கல்வனைஸ் பைப்பையும் தகட்டையுமே பெரிதும் விரும்புகின்றோம். இரும்பு உருகுவது 1538 பாகை செல்சியசில். நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே இரும்பு உருகுமுன் நாகம் வெண்புகையாய் எழுந்து மூக்கில் ஏறுகின்றது. மாலையில் வாயிலே ஓர் உலோக இனிப்பு, பின்னர் குளிர், நடுக்கம், காய்ச்சல். மறுநாள் தெளிந்துவிடுவதால் அதனை மழைக்காய்ச்சல் என்று எண்ணி விட்டுவிடுகின்றனர்.

"ஒரு கிளாஸ் பால் குடித்தாற் சரி" என்பது பட்டறை வழக்கு. பால் வயிற்றுக்குச் செல்வது. புகை நெஞ்சுக்குள் செல்வது. பால் உடம்புக்கு நல்லதே, ஆனால் புகையை அது கழுவாது. செய்ய வேண்டியது வேறு. ஒட்டும் இடத்துக்கு இருபுறமும் ஓரிரு அங்குலம் நாகப் பூச்சை அராவி நீக்குக. வெளியிலே, காற்றுப் பக்கவாட்டில் வீசும்படி நின்று, தலையைப் புகைக்கு வெளியே வைத்துக்கொள்க. முகமூடிக்குள் என்95 வகை மூக்குமறைப்பை அணிக. கைக்குட்டை புகையைத் தடுக்காது. வேலை முடிந்து ஆறியதும் நாகத் தீந்தையைப் பூசிவிட்டாற் போன பூச்சுக்கு ஈடாகும். குளோரின் கலந்த துப்புரவுத் திரவத்தாற் கழுவிய இரும்பை உலராது சுடுதல் கொடிது. அதிலிருந்து பொஸ்ஜீன் என்னும் நச்சுவாயு எழக்கூடும். சோப்பு நீராற் கழுவி உலர்த்துவதே போதும்.

நான்காவது தீ. தெறிக்கும் பொறி 35 அடி தூரம்வரை செல்லுமெனக் கொண்டே உலகெங்கும் காவல் விதி வகுத்திருக்கின்றனர். எமது வளவிலே 35 அடிக்குள் என்ன இருக்கின்றது? கிடுகு வேலி, வைக்கோற் போர், காய்ந்த தென்னோலை, மீன்வலை! கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பொறி போதும், ஒரு வேலியன்று, ஒரு ஒழுங்கையே எரிந்துபோக. ஆதலால் கச்சான் பலமாய் வீசும் பிற்பகலில் வேலையை நிறுத்திக் காலையிலே செய்க. கிடுகை நனைத்துவிடுக. ஒரு வாளி நீரும் ஒரு வாளி மணலும் அருகே வைத்துக்கொள்க. மின் ஓடும் இயந்திரத்தின்மேல் மணலன்றி நீரை வீசாதீர். வேலை முடிந்தபின் ஒரு மணித்தியாலமாவது அங்கேயே இருந்து பார்த்துவிட்டுச் செல்க. புகையும் பொறி உடனே எரிவதில்லை. நாம் சோறுண்ணச் சென்றபின்பே எரியும்.

படகின் எண்ணெய்த் தாங்கி, மண்ணெண்ணெய் டிரம், மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி இவற்றைப் புதியவர் எவரும் தொடலாகாது. கழுவிவிட்டோம் என்பது போதாது. மூலையிலும் மடிப்பிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டிலே ஆவியாகிக் காற்றோடு கலந்தால் அது தாங்கியன்று, வெடிகுண்டு. வெற்றுத் தாங்கி நிறைந்த தாங்கியிலும் கொடிது என்பதை மனத்திற் பதித்துக்கொள்க.

உடையைப் பற்றியும் ஒரு சொல். சாரமும் பாட்டாச் செருப்பும் எமது வெயிலுக்கு ஏற்றவை, வெல்டிங்குக்கு ஏற்றவையல்ல. பொலியெஸ்டர்ச் சேட்டு உருகித் தோலோடு ஒட்டும். தடித்த பருத்தி முழுக்கைச் சேட்டும், மடிப்பில்லாத நீண்ட காற்சட்டையும், மூடிய சப்பாத்தும் வேண்டும். மடிப்பிருந்தால் அதிலே பொறி விழுந்து தங்கும்.

இனிக் கருவி தெரிதல். பணத்தை எந்த ஒழுங்கிலே செலவிடுவது? முதலில் முகமூடியும் கையுறையும் சப்பாத்தும், அடுத்து மின்வயர் வேலை, கடைசியிலேதான் இயந்திரம். நம்மவர் இதனைத் தலைகீழாகவே செய்கின்றனர்.

மூன்று முறைகள் பற்றிக் கடைக்காரர் சொல்வர். ஒன்று மருந்துக் குச்சியால் ஒட்டுவது. இரண்டாவது மிக், அதிலே வயர் தானாகவே வர, சிலிண்டர் வாயு காவலாய் நிற்கும். மூன்றாவது டிக், கறையில் உருக்குப் போன்ற நுண்வேலைக்கானது. மிக் பழக எளிதென்பது உண்மையே. ஆயினும் கடற்கரைக் காற்று அந்தக் காவல் வாயுவை ஊதித் தள்ளிவிடும். சிலிண்டரை நிரப்பிவரும் செலவும் அலைச்சலும் வேறு. திறந்த வளவிலே, காற்று நடுவே, சற்றுத் துருவேறிய இரும்பில் வேலை செய்ய வேண்டிய எமக்குக் குச்சி முறையே ஏற்றது.

இயந்திரத்தின் பெட்டியிலே 200, 250 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். அதனை நம்பாது, இயந்திரத்தின் பின்புறமுள்ள சிறிய தகட்டை வாசிக்கக் கேளுங்கள். அங்கே எத்தனை அம்பியரில் எத்தனை விழுக்காடு உழைக்கும் என்று இருக்கும். 60 விழுக்காடு என்றாற் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரித்து நான்கு நிமிடம் ஆறவிட வேண்டுமென்பது பொருள். 20 விழுக்காடென்றால் இரண்டு நிமிடமே. தகடில்லாத இயந்திரத்தை வாங்காதீர். உண்மையாகவே 140 அல்லது 160 அம்பியர் தரும் இன்வேட்டர் வீட்டுக்கு நிறையப் போதும். அதனோடு வரும் கேபிள் செம்புதானா, அல்லது செம்பு முலாமிட்ட அலுமினியமா என்றும், பழுதுவந்தால் மட்டக்களப்பு நகரிலேயே திருத்த ஆளுண்டா என்றும் கேளுங்கள். பழைய டிரான்ஸ்போமர் வகை பாரமானது, மின்னும் கூடுதலாய் இழுக்கும். ஆனால் உப்புக் காற்றையும் தூசியையும் பொறுக்கும். இன்வேட்டரின் உள்ளே எறும்பும் பல்லியும் புகுந்தால் எரிந்துவிடும். வேலையில்லா வேளையில் துணிப்பையால் மூடி வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

வீட்டு மின்னிணைப்பு இதனைத் தாங்குமா? கணக்குப் பார்ப்போம். 2.5 மில்லிமீற்றர்க் குச்சியை 80 அம்பியரில் எரிக்கும்போது இயந்திரம் சுவரிலிருந்து ஏறக்குறைய 15 அம்பியர் இழுக்கும். சாதாரணப் பிளக்கின் அளவு 13 அம்பியர். ஆகவே சுவரிலுள்ள பிளக்கிலே கொழுவித் தொடர்ந்து வேலை செய்தாற் பிளக் கருகும். 3.2 மில்லிமீற்றர்க் குச்சி 20 அம்பியருக்குமேல் கேட்கும். 4 மில்லிமீற்றரை வீட்டு இணைப்பில் நினைக்கவே வேண்டாம். தகுதிபெற்ற மின்வேலைகாரரைக் கொண்டு, பிரதான பெட்டியிலிருந்து தனி வயரும் தனிப் பிறேக்கரும் போட்டுக்கொள்வது அவசியம். நீட்டு வயர் பாவிப்பதாயின் சுருளை முழுவதும் அவிழ்த்துவிடுக. சுருண்ட வயர் சூடேறி உருகும்.

கிரைண்டரைச் சொல்லாவிட்டால் எமது பேச்சுக் குறையுடையதாகும். வெல்டிங் பழகுபவன் பொறியைக் கண்டு அஞ்சுகின்றான்; கிரைண்டரை விளையாட்டுப் பொருளென எண்ணுகின்றான். நிமிடத்துக்குப் பத்தாயிரம் தரத்துக்குமேற் சுழலும் வட்டு உடைந்தாற் சன்னம்போற் பாயும். நான்கு அங்குலக் கிரைண்டரிலே மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டைப் பூட்டுகின்றார்களே, அதைவிடத் தீய பழக்கம் வேறில்லை. வட்டிலே எழுதியுள்ள வேகம் இயந்திரத்தின் வேகத்திலும் கூடுதலாயிருக்க வேண்டும். மூடி, கண்ணாடி, இரு கைப்பிடி இம்மூன்றுமின்றிச் சுவிச்சைத் தொடாதீர்.

முதற் பாடத்தைச் சுருங்கச் சொல்வோம். நாலைந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள கழிவு இரும்புத் துண்டொன்றை எடுத்து, பளபளக்கும்வரை அராவுக. 6013 என்னும் இலக்கமுள்ள 2.5 மில்லிமீற்றர்க் குச்சி புதியவர்க்கு இணக்கமானது. 7018 பலமானதாயினும் ஈரத்தை அறவே பொறாதது. அதனைப் பின்னர் பழகலாம். தீக்குச்சியைப் பெட்டியில் உரசுவதுபோல் உரசிப் பொறி எழுப்புக. குச்சிக்கும் இரும்புக்கும் இடையே குச்சியின் தடிப்பளவு தூரமே இருக்கட்டும். குச்சியைச் சற்றுச் சாய்த்து, செல்லும் திசையில் மெல்ல இழுத்துச் செல்க. ஒளியைப் பார்க்காது அதன் பின்னே தேங்கும் உருகிய குளத்தைப் பார்க்கப் பழகுவதே இத்தொழிலின் இரகசியம். காதும் துணைசெய்யும்: எண்ணெயில் வடை பொரிவதுபோன்ற சீரான ஓசை வந்தால் நன்று, பட்பட்டென வெடித்தால் தூரம் கூடிவிட்டது. கசடைத் தட்டும்போது கண்ணாடியைக் கழற்றாதீர். சுடுகசடு கண்ணுக்கே பாயும்.

ஒட்டியதை நம்புவது எப்படி? அழகைப் பார்த்து நம்பலாகாது. இரு துண்டுகளை ஒருபக்கம் மட்டும் ஒட்டி, இடுக்கியிற் பூட்டிச் சம்மட்டியால் அடித்து மடக்கி உடைத்துப் பாருங்கள். உடைந்த இடத்திலே துளையும் கசடும் தெரிந்தால், அல்லது ஒரு துண்டின் விளிம்பு உருகாது அப்படியே இருந்தால், வேலை போதாது. இவ்வாறு இருபது முப்பது துண்டுகளை உடைத்துப் பார்த்த பின்பே முக்காலி, பூச்சட்டித் தாங்கி போன்றவற்றைச் செய்யலாம். பெருமளவில் விற்கும் பொக்ஸ் பார் மெல்லிய தகடு. புதியவர் கையில் உடனே ஓட்டையாகும். அதற்கு 2 மில்லிமீற்றர்க் குச்சியும் குறைந்த அம்பியரும் வேண்டும். ஊஞ்சல், நீர்த்தாங்கி நிற்கும் கோபுரம், பந்தற் கூரை, உழவு இயந்திரத்தின் கொழுவி இவை பிறர் உயிரைச் சுமப்பவை; தேர்ந்தவர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை இவற்றிற் கைவைக்காதீர்.

பெரியோர்களே, இளைஞர்களே! வீட்டிலே பழகுவது தொடக்கமே, முடிவன்று. தொழிற் பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிலையங்கள் இத்தொழிலை முறையாகக் கற்பித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்குகின்றன. பட்டறையிலேயே கற்றவர்களும் தமது அனுபவத்தைக் காட்டிச் சோதனைக்குத் தோற்றிச் சான்றிதழ் பெற வழியுண்டு. எமது ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இளைஞர் பலர். சான்றிதழுள்ளவன் தொழிலாளியாகச் செல்கின்றான். கைத்திறன் இருந்தும் சான்றிதழில்லாதவன் எடுபிடியாகச் செல்கின்றான். வேறுபாடு கையிலன்று, கடதாசியிலே.

மன்றத்துக்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. வரும் ஆண்டிலே மன்றத்தின் பெயரால் நாலைந்து முகமூடிகளும் கையுறைகளும் வாங்கி, நூல்நிலையத்தில் நூல் கொடுப்பதுபோல் இரவல் கொடுக்க வேண்டும். எமது ஊரிலுள்ள முதிர்ந்த தொழிலாளர் ஒருவரை அழைத்து, மாதமொரு சனிக்கிழமை மன்ற வளவிலே பழக்குவிக்க வேண்டும். அவருக்கு மாலையிட்டு மேடையில் இருத்த வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் நாம் கணக்கையும் காரணத்தையும் சொல்வோம். அவர் கையைப் பிடித்துக் காட்டுவார். படித்தவனும் பாடுபடுபவனும் ஒரே வாங்கிலிருந்து ஒருவரிடமொருவர் கற்பாராயின், அதனிலும் நல்ல இணைப்பு வேறு எது?